சாதனை மட்டைக்கு வந்த துணை

பேஸ்பால் அருங்காட்சியகம் ஒன்றில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய மட்டை தனியாக இருந்தது. பந்தை மைதானத்துக்கு வெளியே பறக்கவிட்டு, எல்லோரையும்விட அதிக ஹோம் ரன் அடித்த ஆட்டக்காரரின் மட்டை அது. வருகிறவர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள். மட்டைக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஒருநாள் காவலாளிகள் பேசிக்கொண்டது அதன் காதில் விழுந்தது. யாரோ ஒரு இளைஞன் அந்தச் சாதனையை முறியடித்துவிட்டானாம். அவனுடைய மட்டையும் இங்கே வருகிறதாம். இனி நம்மைக் கிடங்கில் போட்டுவிடுவார்கள் என்று பழைய மட்டை பயந்தது. வருகிறவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்றும் முடிவு செய்தது.

புது மட்டையைக் கொண்டுவந்து அதன் பக்கத்திலேயே வைத்துப் பூட்டினார்கள். அன்று முழுக்கக் கூட்டம் புது மட்டையைத்தான் மொய்த்தது. பழைய மட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கூட்டம் கலைந்ததும் புது மட்டை தயங்கித் தயங்கிக் கேட்டது: "அண்ணே, நம்மள மறுபடி எப்போ மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க?"

"போக மாட்டாங்க, தம்பி" என்றது பழைய மட்டை.

"ஒரே ஒரு பந்து அடிக்கக்கூடவா?"

பழைய மட்டை இங்கே வந்த புதிதில் இதே கேள்வியைக் கேட்க அதற்கு யாரும் இருக்கவில்லை. அது மெல்ல அவன் பக்கமாகச் சாய்ந்துகொண்டது.

"என் சாதனையை முறியடிச்சியே, அந்தப் பந்து எப்படிப் போச்சு? ஒண்ணு விடாம சொல்லு, கேக்கறேன்" என்றது.