ஒரு சாண் குறைச்சல்

டெய்லரின் வாய் நிறையத் துணி. குமட்டிக்கொண்டு வந்தது, கண்களில் நீர் வழிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

யாரும் கட்டிப்போட்டுத் திணிக்கவில்லை. அவராகத்தான் விழுங்கியிருந்தார். வஸ்திர தௌதி என்று பெயர். இரண்டு விரல் அகலத் துணியை வயிற்றுக்குள் இறக்கி, அழுக்கோடு உருவி எடுக்கும் யோகா. நெஞ்செரிச்சல் போய்விடும் என்று சொல்லியிருந்தார் யோகா மாஸ்டர்.

பத்து நாளாக முழம் முழமாகப் பழகி, இன்றுதான் முழு நீளம். நேற்று புதுத்துணியில் ஏழு மீட்டரைக் கச்சிதமாக வெட்டி, காலையில் உப்புநீரில் கொதிக்கவைத்ததும் அவரேதான்.

மெல்ல உருவினார். முனை வெளியே வந்தது. அலசிவிட்டு, கைப்பழக்கத்தில் டேப்பை வைத்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“அடியே! ஒரு சாண் குறையுது!”

மனைவி ஓடிவந்தாள். “பதறாம அளங்க.”

மூன்று முறை அளந்தாயிற்று. அதே ஒரு சாண். முனை வேறு பல் பட்டுப் பிசிராக இருந்தது.

“அறுந்து உள்ளயே நின்னுடுச்சுடி! இருபது நிமிஷத்துக்கு மேல நின்னா குடலுக்கு இறங்கிடும்னு மாஸ்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு!”

மாஸ்டர் ஃபோனை எடுக்கவில்லை. பதினாலு நிமிடம் ஓடியிருந்தது. டெய்லருக்கு வயிற்றுக்குள் ஏதோ நெளிவது போலவே இருந்தது.

“கிழிச்சுத்தான் எடுப்பாங்க...”

“துணியைத் தைக்கிறதோட நிறுத்த மாட்டீங்களா? தின்னு வேற பார்க்கணுமா?” அழுதுகொண்டே கைப்பையை எடுத்தாள் மனைவி.

வீட்டின் முன்பக்கமே தையல் கடை. அதன் வாசலில் பக்கத்துத் தெரு வாத்தியார் மறித்தார். கையில், போன வாரம் தைத்துக் கொடுத்த சட்டை.

“என்னய்யா அளவெடுத்தே? ஒரு தண்ணி பட்டதும் தொப்புளுக்கு மேல ஏறிடுச்சு!”

“அளவெல்லாம் சரிதான் சார். போர்டைப் பாருங்க!” சுவரில் கொட்டை எழுத்தில் இருந்தது: ‘நனைக்காமல் தரும் துணிக்கு நாங்கள் பொறுப்பல்ல.’ “உயிர் போற அவசரம், வழி விடுங்க!”

“என்னாச்சும்மா?”

மனைவி விம்மி விம்மி எல்லாவற்றையும் ஒப்பித்தாள். ஏழு மீட்டர் வெட்டியது, கொதிக்கவைத்தது, உள்ளே போனது, ஒரு சாண் குறைந்து வந்தது.

வாத்தியார் டெய்லர் கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். தன் சட்டையை நிதானமாக உதறி மடித்துக்கொண்டார்.

“டெய்லரே... நனைச்சுட்டுத்தானே வெட்டுனீங்க?”