முதல் திருத்தம்

விக்கிப்பீடியாவில் எழுத வரும் புதியவர்களிடம் முகம் சுளிக்கக் கூடாது என்பது விஜய்ஆனந்தின் கொள்கை. மதுரை தல்லாகுளத்தில் அன்று அவன் நடத்திய பயிற்சி வகுப்பில் அந்தக் கொள்கைக்கே சோதனையாக வந்து வாய்த்தார் ஆட்டோ ஓட்டுகிற பாண்டிராஜ்.

‘சிம்மக்கல் சுவர் விபத்து’ என்ற கட்டுரையில் ‘இறந்தவர்கள் மூன்று பேர்’ என்று இருந்ததை அவர் நான்கு என்று மாற்றினார். விஜய்ஆனந்த் அதைப் பழையபடி மூன்றாக்கினான். அவர் மறுபடியும் நான்காக்கினார்.

“அண்ணே, முதல் திருத்தத்துல தப்பு வரத்தான் செய்யும். ஆனா எல்லாப் பேப்பர்லயும் மூணுன்னுதான போட்டுருக்கு?”

“பேப்பர்காரங்க சரியா எண்ணல தம்பி.”

“கவர்மெண்டு அறிக்கையிலயும் மூணுதாண்ணே.”

“அவுங்களும் எண்ணல. அதை மாத்தக் கத்துக்கலாம்னுதான் இங்க வந்தேன்.”

விஜய்ஆனந்துக்குப் பொறுமை போய்விட்டது. “ஆதாரம் இல்லாம இங்க ஒரு எழுத்துகூட நிக்காதுண்ணே. இந்தா பாருங்க, பேரோட இருக்கு. மருது, பீமாராவ், பாண்டிச்செல்வி. அம்புட்டுத்தான்!”

பாண்டிராஜ் கடைசிப் பெயரின் மேல் விரலை வைத்தார். எடுக்கவே இல்லை.

“இது என் வீட்டுக்காரி தம்பி.”

விஜய்ஆனந்த் தணிந்த குரலில் கேட்டான்.

“மன்னிச்சிருங்கண்ணே. அந்த நாலாவது ஆளு பேரைச் சொல்லுங்க, எங்கயாச்சும் வந்திருக்கான்னு நானே தேடிப் பாக்குறேன்.”

“என் வீட்டுக்காரிக்கு அப்ப எட்டு மாசம், தம்பி. பேரு இன்னும் வைக்கல.”