மறுவாழ்வு மையத்தின் முதல் நோயாளி

சிறைக்குள் போதை மறுவாழ்வு மையத்தைத் திறந்துவைக்க மேலதிகாரி வந்தார். ஊசிப் பழக்கத்தை விடமுடியாமல் சிகிச்சை கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்த காஜா, விருந்தினர்மேல் வாந்தியெடுத்துவிடுவான் என்று பின்கட்டில் பூட்டப்பட்டான். புதுக் கட்டிலில், பீடிகூடத் தொடாத கைதி செல்வினைப் படுக்கவைத்தார்கள்.

“எப்பப்பா விட்ட?” என்று குனிந்து கேட்டார் அதிகாரி.

செல்வின் எழுந்து உட்கார்ந்தான். “நான் தொட்டதே இல்லய்யா. தொட்டவன் காஜா. பின்னால பூட்டி வச்சிருக்காங்க, செத்துருவான்யா.”

முதல் வாக்கியம் மட்டும்தான் அதிகாரியின் காதில் விழுந்தது. பூரித்துப்போனார்.

“பாத்தீங்களா, பழக்கம் இருந்ததையே மறந்துட்டான்! இதுதான்யா சிகிச்சை!”

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி ஓய்ந்ததும் பின்கட்டிலிருந்து காஜாவின் அலறல் கேட்டது. ஜெயிலர் மைக்செட்காரரைக் கூப்பிட்டு, பாட்டுப் போடச் சொன்னார்.