சமையல்காரரின் கண்ணாடி

இறந்துபோன அப்பாவின் பட்டாளத்துப் பெட்டியில், கண்ணில் மாட்டும், வார் வைத்த பெரிய கண்ணாடி ஒன்று கிடைத்தது. மகள் அதை வீட்டுக்கு வந்த அருங்காட்சியக அதிகாரியிடம் நீட்டினாள்.

"போர்ல மோட்டார் சைக்கிள்ல செய்தி கொண்டுபோறவங்க போட்டதும்மா இது. அப்பா அந்தப் பிரிவா?"

மகளின் முகம் வாடியது. "அப்பா சமையல்காரர் சார். சைக்கிள்கூட ஓட்ட வராது. யாரோடதையோ திருடிட்டாரா?"

காபியோடு வந்த அம்மா சிரித்தாள். "திருடத்தான் செஞ்சாருடி. என்கிட்டயிருந்து."

"நீ பட்டாளத்துல டைப் அடிச்சேன்னு சொன்னியே?"

"அது எங்க வீட்டுக்குச் சொன்ன பொய். ஒருநாள் உங்கப்பாவை என் மோட்டார் சைக்கிள்ல பின்னால ஏத்திக்கிட்டுக் குண்டுமழையில பறந்தேன். இறங்கினதும் கண்ணாடியைப் பிடுங்கிக்கிட்டாரு. 'என்னைக் கட்டிக்கிறேன்னு சொல்லு, தரேன்'னாரு."

"அப்புறம் ஏன் தரலை?"

"சரின்னு சொன்ன சந்தோஷத்துல மனுஷன் மறந்தே போயிட்டாரு. நானும் கேட்கலை."