அப்பாவின் நீலக் கோடு

பதினோராம் நாளிலிருந்து ஒரு கோட்டைக் காணவில்லை.

சுபோதினி தான் கணினியில் பைதான் மொழியில் எழுதிய வரிகளைத் திரும்ப வாசித்தாள். அம்மாவின் இரத்தச் சீனி அளவுக்கு ஒரு கோடு, அப்பாவினதுக்கு இன்னொன்று. பத்து மணிக்கு அம்மாவுக்கு டொக்டர். அதற்குள் இந்த வரைபடத்தை அச்செடுக்க வேண்டும்.

உண்மையில் சீனி வருத்தம் அம்மாவுக்கு மட்டும்தான். விரலில் குத்தவே விடமாட்டேன் என்று அம்மா பத்மாவதி அடம்பிடித்தபோது, துணைக்குத் தானும் குத்துவதாகச் சொல்லி அப்பா இரத்தினசிங்கம் வலியப் போய் மாட்டிக்கொண்டார். ஊசியைக் கண்டாலே வேர்த்துப்போகிற மனிதர்.

அன்றிலிருந்து தினமும் தேத்தண்ணிக்கு முன் இருவருக்கும் பரிசோதனை. அம்மாவின் கொப்பியில் ஆளுக்கொன்றாக, மேலிருந்து கீழே எண்கள் இறங்கும் இரண்டு நிரல்கள்.

வரைபடத்துக்கு ஒரே நிரலை இரண்டு தரம் கொடுத்துவிட்டோமோ? பார்த்தாள். இல்லை.

கோடுகளின் பாணியை மாற்றினாள். அம்மாவுக்குச் சிவப்பு, விட்டுவிட்டுப் போகும் மெல்லிய கோடு, நாளுக்கொரு முக்கோணம். அப்பாவுக்கு நீலம், தடித்த முழுக்கோடு, நாளுக்கொரு பெரிய வட்டம்.

காணாமற்போன கோடு வெளியே வந்தது. பத்து நாளும் கீழே தன்பாட்டில் கிடந்த நீலம், பதினோராம் நாள் ஒரேயடியாக ஏறிச் சிவப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்பிறகு இறங்கவேயில்லை.

சுபோதினி நாட்களை எண்ணிப் பார்த்தாள். பத்தாம் நாள் பரிசோதனை முடிந்த கையோடுதான் அப்பா கதிரையிலிருந்து மயங்கிச் சரிந்தார். வெள்ளவத்தை வெயில் என்று சொல்லிச் சமாளித்தார். எல்லோரும் நம்பினார்கள்.

அப்பாவுக்கும் ஒரு நம்பர் போட வேண்டும். டொக்டரின் கிளினிக்குக்கு அழைக்கப் போனை எடுத்தவள், திரையை இன்னொரு தரம் பார்த்தாள்.

பதினோராம் நாளிலிருந்து ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் சரியாக ஒரு முக்கோணம். 187க்கு 187. 203க்கு 203. அன்றிலிருந்து இருபத்துமூன்று நாளும் ஒரு புள்ளிகூட விலகவில்லை. கலியாணம் கட்டி முப்பத்தாறு வருடமானாலும் இரண்டு பேரின் இரத்தம் இப்படியா ஒத்துப்போகும்?

நிமிர்ந்தாள்.

சாப்பாட்டு மேசையில் அப்பா விரலை நீட்டிக்கொண்டிருந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன. முகம் கடற்கரை ரயில் போகும் பக்கம் திரும்பியிருந்தது. அம்மா ஊசிப் பேனையை அவர் விரலில் வைத்து அழுத்தினாள். டிக்.

“பாத்தீரே, எனக்கு நோகவேயில்லை,” என்றார் அப்பா.

“ஓம், உங்களுக்குத் தைரியம் கூட,” என்றபடி அம்மா அந்த விரலில் பஞ்சை வைத்து அமுக்கிவிட்டாள். அவர் பஞ்சைப் பார்க்கத் துணியாமல், பெரிய வீரனாட்டம் பல்கனிக்குப் பேப்பர் வாசிக்கப் போனார்.

அவர் போன பிறகுதான் அம்மா சோசருக்குள் கிடந்த ஊசியை எடுத்து, அதுவரை வெறுமையாக இருந்த பேனைக்குள் செருகினாள். தன் விரலில் குத்தினாள். முகம் சுளிக்கவில்லை.

ஒரு சொட்டு. 194.

தன் நிரலில் எழுதிவிட்டு நிமிர்ந்தவள், மகள் பார்ப்பதைக் கண்டாள். குத்திய அதே விரலை உதட்டில் வைத்தாள். சுபோதினிக்கு அவளை அப்படியே கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. போனைக் கீழே வைத்தாள்.

அம்மா குனிந்து அப்பாவின் நிரலிலும் 194 என்று எழுதினாள். இல்லாத ஒரு எண்ணைப் பொய்யாக எழுத அவளுக்கு மனம் வராது.