நடுவில் ஒரு புள்ளி

"ஒரே ஒரு தடவை பாரு. நடுவுல ஏதாவது தெரியுதான்னு மட்டும் சொல்லு, போதும்."

மொட்டை மாடியில் தொலைநோக்கியின் பக்கத்தில் நின்று அவன் மனைவியைக் கெஞ்சினான். அவள் கழுத்தில் இஞ்ச் டேப்போடு படியேறி வந்திருந்தாள். கீழே பள்ளிச் சீருடைகள் பாதித் தையலில் கிடந்தன. இந்த வாரம் தைத்த காலர் எல்லாம் கோணிக்கொண்டு போகிறதென்று மெஷினைத் திட்டிவிட்டு வந்தவள், வந்த சூட்டோடு இவனையும் ஒரு பிடி பிடித்தாள்.

"எனக்கெதுக்குங்க சூரியன்? துணி காயற அளவுக்கு வந்தாப் போதும். உங்க சின்ன வீட்டை நீங்களே பார்த்துக்குங்க."

சின்ன வீடு என்பது தொலைநோக்கிக்கு அவள் வைத்த பெயர். பழைய சாமான் கடையில் கால் உடைந்து கிடந்ததை அவன் தூக்கி வந்து, ஒரு கேமரா ஸ்டாண்டில் கட்டி நிறுத்தியிருந்தான். தினமும் கடைக்குக் கிளம்புவதற்கு முன் அதில் சூரியனைப் பார்த்தாக வேண்டும். சூரியன் முகத்தில் கரும்புள்ளிகள் முளைப்பதும், நாளுக்கு நாள் நகர்ந்து ஓரத்தில் மறைவதும் அவனுக்கு அலுக்கவே அலுக்காது. மற்றபடி டீயைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. அவன் பார்த்து அவள் ஒரு நாளும் அதில் கண் வைத்ததில்லை.

அதனால்தான் இன்று அவள் தேவைப்பட்டாள்.

சூரியனைப் பார்ப்பதற்கென்றே விற்கும் மெல்லிய தாளைத் தொலைநோக்கியின் வாயில் ஒட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதை வாங்கக் கை வராமல், பரிசுப் பொட்டலம் சுற்றும் வெள்ளித் தாளை இரண்டாக மடித்து ஒட்டி இத்தனை மாதமாகச் சமாளித்து வந்தான். அதிலும் சூரியன் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் தெரிந்தது. அசல் தாள் நேற்றுதான் வந்து சேர்ந்தது. இன்று காலையில் அதை ஒட்டிப் பார்த்தால், வட்டத்தின் நட்டநடுவில் கருப்பாக ஒரு புள்ளி.

சந்தோஷம் தாங்காமல் தாள் விற்றவருக்கே போன் போட்டுச் சொன்னான். இதுவரை எதை வைத்துப் பார்த்தீர்கள் என்று அவர் கேட்டார். வெள்ளித் தாள் என்றான். அது வெளிச்சத்தைத்தான் குறைக்கும், கண்ணுக்குத் தெரியாத கதிர் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும், உள்ளே கருகினாலும் வலி தெரியாது என்றார்.

அப்போது பிடித்த பயம் அவனை இன்னும் விடவில்லை. செல்போன் ரிப்பேர்தான் அவன் பிழைப்பு. கடுகைவிடச் சின்னச் சின்ன பாகங்களை லென்ஸ் வைத்துப் பார்த்து ஈயம் பற்ற வைக்கிற வேலை. இடது கண் பிறவியிலேயே மங்கல், ஆள் தெரியும், எழுத்து தெரியாது. வலது கண் ஒன்றை நம்பித்தான் குடும்பம் ஓடுகிறது, மகளின் கல்லூரிப் படிப்பும் சேர்த்து.

கண் வைத்துப் பார்க்கும் வில்லையில் தூசியோ என்று அதைக் கழற்றித் துடைத்துப் பார்த்தான். புள்ளி போகவில்லை. தூசி இல்லையென்றால் புள்ளி சூரியனில் இருக்க வேண்டும், அல்லது கண்ணில் இருக்க வேண்டும். இன்றைய சூரியனின் படத்தைப் போனில் தேடலாம்தான். ஆனால் அதையும் இதே கண்ணால்தானே பார்க்க வேண்டும்? சுவரைப் பார்த்தாலும் வெயிலில் கூசிய கண்ணுக்கு என்னென்னவோ மிதந்தது. வெள்ளித் தாள் வழியாகப் பார்க்காத இன்னொரு கண் வேண்டும். அவளுடையதுதான் அது.

இதையெல்லாம் அவன் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துபோய், இல்லாததை இருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

"சரி, நகருங்க," என்று அவள் முன்னால் வந்தாள்.

அவன் அவளை நிறுத்திவிட்டு, அசல் தாளை ஒட்டிய விளிம்பை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். காற்றில் பெயர்ந்துவிடக் கூடாதென்று மேலே இன்னொரு சுற்று ஒட்டினான். தன் கண் போனாலும் போகட்டும், இவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டான்.

அவள் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"ஆமா, இருக்கு. நட்டநடுவுல, கருப்பா, மிளகு மாதிரி."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தாங்க பார்க்கறேன். இருக்கு."

அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவன் அடக்கவும் இல்லை. வெள்ளித் தாள், வலிக்காமல் கருகும் கண், நாளைக்குக் கடையைத் திறப்பதா பூட்டுவதா என்று காலையிலிருந்து தவித்த தவிப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அவளிடம் கொட்டித் தீர்த்தான்.

"என் கண்ணு போச்சுன்னே முடிவு பண்ணிட்டேம்மா. இப்பதான் உயிரே வந்துச்சு. நல்லவேளை, நீயாவது அந்தத் தாள் வழியாப் பார்த்ததில்ல."

அவள் நிமிர்ந்தாள். பொத்திய கையை எடுக்காமலே அவன் பக்கம் திரும்பி, அவனையே வெகுநேரம் பார்த்தாள்.

"அப்படி என்னதான் இருக்குன்னு, நீங்க கடைக்குப் போனப்புறம் தினமும் நானும் பார்த்தேங்க," என்றாள். "அந்தப் புள்ளி இப்ப உங்க முகத்துல இருக்கு."