டைகருக்குச் சுட்ட பிஸ்கட்

"தின்னு. என் கண்ணு முன்னாடியே தின்னு."

தினேஷ்குமார் நீட்டிய பிஸ்கட்டைச் சுசித்ரா வாங்கினாள். வாயில் போட்டு மென்றாள். உப்பில்லை, இனிப்பில்லை, மீன் வாடை மட்டும் மூக்கில் ஏறியது. அவள் விழுங்கும் வரை புருஷன் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னத்தடி கலந்திருக்க?"

"ராகி மாவு, வேகவெச்ச மத்தி மீனு, பரங்கிக்காய், ஒரு முட்டை. ஆளி விதையை வறுத்துப் பொடி பண்ணிப் போட்டேன். பிசைஞ்சு, தட்டி, தோசைக் கல்லுல சின்னத் தீயில சுட்டதுங்க. சொறி ஆறி முடி வளரும்னு நாய்க்கு ஊசி போட வந்த டாக்டர்தான் சொன்னாரு."

"உன்னையே கடிச்ச நாயி. அதுக்கு நீ எதுக்குடி சுட்டுப் போடற?"

"பாக்கச் சகிக்கலைங்க. சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வந்துச்சு."

"பின்னாடி தெருவுல ரெண்டு நாயி நுரை தள்ளிச் செத்துக் கெடந்துச்சு. தெரியுமில்ல?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"டைகருக்கு மட்டும் ஏதாச்சும் ஆச்சு..."

அவன் முடிக்கவில்லை. முடிக்காமல் விடும்போதுதான் அவளுக்கு அவனிடம் அதிகப் பயம்.

மாடியிலிருந்து வீட்டுக்கார சரோஜம்மாள் எட்டிப் பார்த்தாள். மீனும் ஆளி விதையும் அவள் வாங்கிக் கொடுத்ததுதான்.

"ஏம்ப்பா அவளப் போட்டு மிரட்டற? நாயைப் பாரு. நாப்பது நாளைக்கு முன்னாடி முதுகுல ஒரு முடி இருந்துச்சா? இப்ப எப்படி மினுமினுக்குது!"

தினேஷ்குமார் திரும்பிப் பார்த்தான். கேட்டருகே படுத்திருந்த டைகரின் கறுப்பு முதுகு வெயிலில் எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. அப்படியும் அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை. பிஸ்கட் டப்பாவை அவளிடம் நீட்டினான்.

"போ. உன் கையாலயே குடு, பாப்போம்."

சுசித்ரா டப்பாவை வாங்கினாள். இரண்டு படி இறங்கினாள். டைகர் தலையைத் தூக்கியது. அதற்கு மேல் அவள் நகரவில்லை.

"கிட்டப் போக முடியாதுங்க. கடிச்சிடும்."

நின்ற இடத்திலிருந்தே ஒரு பிஸ்கட்டை வீசினாள். டைகர் பாய்ந்து கவ்வியது. வாலை ஆட்டிக்கொண்டு இவர்கள் பக்கமாக ஓடி வந்தது. சுசித்ரா சட்டென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூச்சு வாங்கியது. வெளியே தினேஷ்குமார் சிரிப்பது கேட்டது.

"என்னைப் பாத்து வாலாட்டுதுடி! உன்னைப் பாத்தாத்தான் அதுக்கு ஆகல. சரி, சுட்டுப் போடு. நல்லாத் தின்னு தெம்பா இருக்கட்டும்."

மறுநாள் காலை முதல் ஷிப்டுக்கு அவன் கம்பெனி பஸ் ஏறிப் போனான். வண்டிச் சத்தம் மூக்கண்டப்பள்ளி முனை தாண்டித் தேயும் வரை சுசித்ரா காத்திருந்தாள். பிறகு டப்பாவோடு வாசலுக்கு வந்தாள்.

டைகர் எழுந்து நேராக அவளிடம் வந்தது. அவள் உள்ளங்கையில் மூக்கை நுழைத்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. காதுக்குப் பின்னால் புண் இருந்த இடத்தில் புது முடி பட்டுப்போல் முளைத்திருந்தது. அங்கே தடவிக் கொடுத்தாள். ஒரு நொடி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மிச்சத்தைத் தரையில் கொட்டினாள்.

"போறேன்டா டைகர்," என்றாள். வரேன் என்று சொல்லவில்லை.

அது தலை நிமிராமல் மென்றுகொண்டிருந்தது. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தாள். போன தை மாதம், "என்னால முடியல, எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன்" என்று அவள் சொன்ன மறுநாள்தான் தினேஷ்குமார் அந்த நாயைக் கொண்டுவந்து, அவள் கேட்டைத் தொட்டாலே மேலே பாயும்படி பழக்கி, வாசலில் அவிழ்த்துவிட்டிருந்தான். ஐந்து மாதம் கழித்துத் தெருவில் கால் வைத்த சுசித்ரா ஊத்தங்கரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்; பின்னால் ஒரு குரைப்புகூடக் கேட்கவில்லை.